சீட்டு நமது பெட்டியில். கணக்கு யார் கையில்?

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் விபரம்)



நாம் இன்று உங்கள் முன் பேச எடுத்துக்கொண்ட விடயம், பெயரைக் கேட்ட மாத்திரத்தே பொறியியலாளருக்கு மாத்திரம் உரியது போலத் தோன்றும். வானொலி மீடிறன் அடையாளச் சீட்டு என்பது அதன் பெயர். பொருள்கள் விளைந்த இடத்திலிருந்து விற்கும் இடம் வரை செல்லும் வழியை, அதாவது விநியோகச் சங்கிலியை, கண்காணிப்பதற்கு உலகின் பெரு வணிகர்கள் கையாளும் கருவி அது. "வெங்காயமும் மிளகாயும் பயிரிடும் எமக்கு இதனால் ஆவதென்ன?" என்று இச்சபையிலே ஒருவர் கேட்பாராயின், அது நியாயமான கேள்வியே. அதற்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

பயிரிடுபவனுக்குத் தன் பொருள் போன வழி தெரிவதில்லை. வாங்கி உண்பவனுக்கு அது வந்த வழி தெரிவதில்லை. இருவருக்கும் இடையிலே நிற்பவர்களுக்குத்தான் வழி முழுவதும் தெரிகின்றது. எந்தச் சந்தையில் எவ்வளவு சரக்கு இறங்கியிருக்கின்றது, எந்தக் களஞ்சியம் காலியாகக் கிடக்கின்றது, எத்தனை லொறி இன்னும் வழியில் நிற்கின்றது என்பதெல்லாம் அறிந்தவன் விலை சொல்கின்றான். அறியாதவன் அவ்விலைக்குத் தலையசைக்கின்றான். ஆகவே, பொருளின் வழியை அறியும் கருவி எதுவாயினும் அது வெறும் பொறியியல் விடயமன்று. அது பேரம் பேசும் பலத்தைப் பற்றிய விடயம்.

குறியிடும் வழக்கம்

பொருளுக்குக் குறியிடுவது நமக்குப் புதிதன்று. வன்னியிலும் மட்டக்களப்பிலும் மாட்டுக்குக் குறி சுடும் வழக்கத்தை அறியாதார் இலர். பட்டி கலந்துவிட்டால் குறியைப் பார்த்து இன்னாருடைய மாடு என்று பிரித்தெடுப்பர். ஊர் முழுவதன் துணிகளும் ஒரே கல்லில் அடிபட்டாலும், சலவைத் தொழிலாளி இட்ட சிறு குறியினால் ஒவ்வொன்றும் உரிய வீட்டுக்கே திரும்பி வந்தது.

இக்குறிகள் யாவற்றுக்கும் ஒரு குறைபாடு உண்டு. கண்ணால் கண்டு, ஒவ்வொன்றாக எடுத்து நோக்க வேண்டும். அமெரிக்காவிலே நோர்மன் யோசப் வூட்லண்ட், பேர்னாட் சில்வர் என்னும் இருவர் 1952 இல் காப்புரிமை பெற்ற பட்டைக் குறியீடும் இக்குறைபாட்டுக்கு விலக்கன்று. 1974 யூன் 26 ஆம் நாள் ஒகையோ மாநிலத்து ரோய் என்னும் ஊரில், ஒரு கடையில், சூயிங்கம் பொதியொன்றின் மேல் அக்குறியீடு முதன்முதலாக வாசிக்கப்பட்டது. அதன்பின் அது உலகெங்கும் பரவியதை நாமறிவோம். ஆயினும் கருவியின் ஒளி அக்கோடுகளின் மேல் நேராகப் பட வேண்டும். ஒவ்வொரு பொதியாகத் திருப்பிக் காட்ட வேண்டும். சேறு பட்டாலோ கிழிந்தாலோ பயனில்லை. அன்றியும், கடைகளிலே நாம் காணும் சாதாரணப் பட்டைக் குறியீடு "இது இன்ன வகைப் பொருள்" என்று மாத்திரமே கூறும். ஒரே வகையான ஆயிரம் சவர்க்காரக் கட்டிகளுள் இது எந்தக் கட்டி என்று அது கூறாது.

சீட்டு வேலைசெய்யும் விதம்

வானொலிச் சீட்டு இக்குறைகளை நீக்க முயல்கின்றது. அதன் உறுப்புகள் இரண்டே. ஒன்று, மணலுருவின் அளவேயான இலத்திரனியற் சில்லு. மற்றது, மெல்லிய உலோகத்தாலான அலைவாங்கி. பெரும்பாலான சீட்டுக்களில் மின்கலம் கிடையாது. வாசிக்கும் கருவி வானொலி அலையை வீசும்போது, அவ்வலையிலிருந்தே சீட்டு தனக்கு வேண்டிய சிறு மின்சக்தியைப் பெற்றுக்கொள்கின்றது. பெற்ற மாத்திரத்தில், தன்மேல் பட்ட அலையைக் கூட்டியும் குறைத்தும் திருப்பியனுப்புவதன் மூலம் தனது இலக்கத்தைத் தெரிவிக்கின்றது. வெயிலிலே கண்ணாடித் துண்டொன்றைப் பிடித்து, அதை அசைத்து அசைத்துத் தூரத்தில் நிற்பவனுக்குச் சைகை காட்டும் சிறுவனை எண்ணிக்கொள்ளுங்கள். சிறுவனிடம் விளக்கு இல்லை, வெளிச்சம் சூரியனுடையது, செய்தி மட்டுமே அவனுடையது. சீட்டின் தத்துவமும் அதுவே.

மீடிறன் வேறுபடின் பயனும் வேறுபடும். 134.2 கிலோஹேட்ஸ் அளவிலான தாழ்ந்த மீடிறன், காந்தப் புலத்தின் வழியே அண்மையில் மாத்திரம் வேலைசெய்யும். ஆனால் ஈரமும் உடற் தசையும் அதை அதிகம் தடுப்பதில்லை. ஆதலால் கால்நடைகளுக்கு ஏற்றது. 13.56 மெகாஹேட்ஸ் மீடிறனை நூலகப் புத்தகங்களிலும் பிரயாண அட்டைகளிலும் காணலாம். 860 முதல் 960 மெகாஹேட்ஸ் வரையிலான மீடிறன் பல மீற்றர் தூரத்துக்கு எட்டும். ஒரு செக்கனில் நூற்றுக்கணக்கான சீட்டுக்களை வாசிக்க இடம் தரும். லொறி வாயிலைக் கடக்கும்போதே அதிலுள்ள பெட்டிகள் அத்தனையையும் எண்ணுவது இதனால்தான் இயலுகின்றது. ஆனால் நீர் இவ்வலையை விழுங்கிவிடும்; உலோகம் எதிர்த்து எறிந்துவிடும். இவ்விரு பகைகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இவை நமது கதையில் மீண்டும் வரும்.

சீட்டிலே பெரும்பாலும் ஓர் இலக்கம் மாத்திரமே இருக்கும். வழக்கமான அமைப்பு ஒன்றில் அவ்விலக்கம் 96 இருமக் குறிகள் கொண்டது. உலகிலுள்ள அரிசிப் பொதி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இலக்கம் கொடுத்தாலும் தீராத அளவு அது. பொருள் எங்கே விளைந்தது, யார் விற்றார், எப்போது ஏற்றினார் என்பன சீட்டில் எழுதப்படுவதில்லை. வேறோரிடத்தில், ஒரு கணக்கேட்டில், அவ்விலக்கத்துக்கு நேரே எழுதப்படுகின்றன. அந்தக் கணக்கேடு யாருடையது என்ற வினாவே இன்றைய பேச்சின் உயிர்நாடி.

தோன்றிய வரலாறு

இவ்விஞ்ஞானம் பழையது. 1945 இல் சோவியத் சிறுவர்கள், மொஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதுவருக்கு மரத்திற் செதுக்கிய இலச்சினையொன்றைப் பரிசளித்தனர். அதனுள்ளே மின்கலமும் கம்பியும் இல்லாத ஒட்டுக்கேட்கும் கருவியொன்று இருந்தமை 1952 இலேதான் வெளிப்பட்டது. வெளியிலிருந்து வீசப்பட்ட அலையே அதற்கு உயிர் கொடுத்தது. ஹரி ஸ்ரொக்மன் என்னும் பொறியியலாளர், திருப்பியனுப்பப்படும் அலையைக் கொண்டு செய்தி அறிவிப்பது பற்றி 1948 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1973 இல் மாரியோ கார்டுல்லோ, நினைவாற்றலுடைய சீட்டுக்குக் காப்புரிமை பெற்றார்.

வணிக உலகம் விழித்துக்கொண்டது 1990 களின் பிற்பகுதியில். புரொக்ரர் அன்ட் காம்பிள் நிறுவனத்திலே பணிபுரிந்த கெவின் அஷ்ரன், ஒரு குறிப்பிட்ட நிற உதட்டுச் சாயம் கடைத் தட்டுகளில் அடிக்கடி இல்லாமற் போவதைக் கண்டார். களஞ்சியத்தில் அது இருந்தது, தட்டில் இல்லை, இல்லை என்பதை அறிவார் ஒருவருமில்லை. இச்சிறு சங்கடமே அவரை மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குக் கொண்டுசென்றது. அங்கே சஞ்சய் சர்மா, டேவிட் புரொக் ஆகியோருடன் 1999 இல் ஓர் ஆய்வு நிலையம் எழுந்தது. சீட்டில் நிறைய எழுதாமல், இலக்கத்தை மாத்திரம் இட்டு, மற்றவற்றைக் கணினி வலையில் வைத்தால் சீட்டு மலிவாகும் என்பது அவர்களுடைய யோசனை. சீட்டொன்றை ஐந்து அமெரிக்க சதத்துக்குச் செய்ய வேண்டும் என்பது அவர்களுடைய இலக்கு.

கட்டளை இட்டவரும் கூலி கொடுத்தவரும்

2003 யூன் மாதத்தில், உலகின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனமான வோல்மார்ட் ஓர் அறிவித்தல் செய்தது. தனக்குப் பொருள் வழங்கும் முதல் நூறு நிறுவனங்களும் 2005 சனவரிக்குள் தமது பெட்டிகளிலும் தட்டணைகளிலும் வானொலிச் சீட்டு ஒட்ட வேண்டும் என்பதே அது.

அன்பர்களே! இங்கே கவனியுங்கள். சீட்டை வாங்குபவர் வழங்குநர். ஒட்டுபவர் வழங்குநர். ஒட்டும் இயந்திரத்துக்கும் ஆளுக்கும் செலவு செய்பவரும் அவரே. வாசித்துக் கணக்கறிந்து இலாபமடைவதோ கடை. ஆர்க்கன்சோ பல்கலைக்கழகத்தார் 2005 இல் வெளியிட்ட ஆய்வு, சீட்டைப் பயன்படுத்திய கடைகளில் தட்டு வெறுமையாகும் நிலை நூற்றுக்கு 16 பங்கு குறைந்ததாகக் கூறிற்று. நல்ல பலனே. ஆனால் அப்பலனில் தமக்கு என்ன பங்கு என்று வழங்குநர்கள் கேட்டார்கள். திருப்தியான விடை கிடைக்கவில்லை.

நடந்தது என்ன? பலர் கட்டளைக்குக் கீழ்ப்படிவது போலக் காட்டி, சரக்கு வெளியேறும் வாயிலில் நின்று சீட்டை ஒட்டி அனுப்பினர். தமது களஞ்சியத்திலோ தொழிற்சாலையிலோ அதனால் ஒரு பயனும் பெறவில்லை. தண்ணீர்ப் போத்தல்களும் தகர டப்பாக்களும் அலையைத் தடுத்தன. முன்னர் கூறிய இரு பகைகளும் இங்கே வந்து சேர்ந்தன. அந்நிறுவனத்தின் கிளையான சாம்ஸ் கிளப், சீட்டில்லாத தட்டணைக்கு 2 டொலர் அறவிடத் தொடங்குவதாக 2008 இல் அறிவித்தது. அடுத்த ஆண்டிலேயே அத்தொகையைச் சில சதங்களாகக் குறைக்க நேர்ந்தது. பேராரவாரத்துடன் தொடங்கிய முயற்சி சோர்ந்தது. செலவு ஒரு பக்கமும் பலன் மறுபக்கமுமாகப் பிரிந்து கிடக்கும் ஏற்பாட்டை அத்துணைப் பெரிய நிறுவனத்தின் ஆணையாலும் நிலைநிறுத்த முடியவில்லை.

ஆடையில் வென்ற சீட்டு

தண்ணீரிலும் தகரத்திலும் தோற்ற சீட்டு, துணியிலே வென்றது. துணியில் நீருமில்லை, உலோகமுமில்லை. அளவும் நிறமும் பலவாதலால் கணக்குத் தவறுவதும் அங்கே அதிகம். சில்லறை வணிக நிறுவனமொன்றின் 37 கடைகளில், ஏறக்குறைய 370,000 இருப்புப் பதிவுகளைச் சோதித்த ஆய்வொன்று 2008 இல் வெளியாயிற்று. அவற்றுள் நூற்றுக்கு 65 பிழையானவை என்று அது கண்டது. ஏட்டிலே இருக்கும் சட்டை தட்டிலே இல்லை. தட்டிலே இருப்பது ஏட்டிலே இல்லை. இந்நிலையில், கையிற் பிடித்த கருவியுடன் கடையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து முழு இருப்பையும் எண்ணிவிடும் வசதியை வணிகர் விரும்பியதில் வியப்பில்லை. வோல்மார்ட்டும் 2010 இல் ஆடைகளுடன் மறுபடி தொடங்கி, 2022 இல் வீட்டுப் பாவனைப் பொருள் முதலிய பல வகைகளுக்கும் அவ்விதியை விரித்தது. சீட்டின் விலையும், பேரளவில் வாங்குவோருக்குச் சில அமெரிக்க சதமாக இறங்கியிருந்தது.

இந்த இடத்தில் நமது நாட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. தைத்த ஆடை இலங்கையின் பெரும் ஏற்றுமதிகளுள் ஒன்று. மேல்நாட்டு வணிகர் கேட்குமிடத்து, சீட்டு தொழிற்சாலையிலேயே ஆடையுடன் சேர்க்கப்படுகின்றது. தைக்கும் பெண்ணின் கை வழியே போகும் அச்சீட்டு, கடல்கடந்த கடையிலே கணக்குச் சொல்கின்றது. அக்கணக்கிலே அவளுக்கோ அவளுடைய ஊருக்கோ பங்கு உண்டா என்று கேட்பார் இல்லை.

மாட்டின் காதிலே ஒரு பாடம்

இதற்கு மாறான உதாரணம் ஒன்றையும் கூறவேண்டும். அவுஸ்திரேலியா தனது மாட்டிறைச்சியின் பெரும்பகுதியைப் பிறநாடுகளுக்கு விற்கும் நாடு. ஒரு பட்டியில் நோயோ, இறைச்சியில் மருந்தின் எச்சமோ காணப்பட்டால் முழு நாட்டின் சந்தையும் மூடப்படலாம் என்ற அச்சம் அங்கே இருந்தது. அந்த அச்சம் வீணானதன்று. 2001 இல் பிரித்தானியாவில் கால்வாய் நோய் பரவியபோது, நோய் தெரியவருமுன்னரே செம்மறி ஆடுகள் சந்தைக்குச் சந்தை நாடெங்கும் சென்றுவிட்டன. எது எங்கே போயிற்று என்று விரைவில் அறிய முடியாமற் போயிற்று. 60 இலட்சத்துக்கு மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன.

அவுஸ்திரேலியாவிலே, மாடுகளுக்கு மின்னணுக் காதுச்சீட்டு இடுவது 2005 யூலையில் நாடளாவிய விதியாக வந்தது. ஒவ்வொரு பண்ணைக்கும் ஓர் இலக்கம். ஒவ்வொரு மாட்டுக்கும் ஓர் இலக்கம். பண்ணை மாறும் மாட்டின் விபரத்தை இரண்டு நாட்களுக்குள் தேசியப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2025 சனவரி முதல் பிறக்கும் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் இவ்விதி விரிந்துள்ளது. முதலிலே அங்குள்ள பண்ணையாளரும் முணுமுணுத்தனர். சீட்டின் செலவு தங்கள் தலையில் விழுந்ததை எவர்தான் விரும்புவர்?

ஆயினும் வோல்மார்ட்டின் கதைக்கும் இக்கதைக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. அத்தேசியப் பதிவேட்டை நடத்துவது, கால்நடை வளர்ப்போரை அங்கத்தவராகக் கொண்ட நிறுவனத்தின் கிளை. வளர்ப்பவர் செலவு செய்கின்றார். பதிவேட்டை வைத்திருப்பதிலும் அவருக்குக் கை உண்டு. சந்தை திறந்திருப்பதால் வரும் பலனும் அவரைச் சேர்கின்றது. சீட்டு ஒன்றே, கணக்கேட்டின் உடைமை வேறு. விளைவும் வேறு.

ஒருவர் குற்றமும் அனைவர் தண்டனையும்

வழி அறிய முடியாத இடத்தில் குற்றமற்றவரும் தண்டனை பெறுவர். 2018 நவம்பர் 20 ஆம் நாள், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தினர், றொமேய்ன் என்னும் கீரையை எவரும் உண்ணலாகாது என்று அறிவித்தனர். நோய்க் கிருமி எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று அப்பொழுது பிரித்தறிய முடியவில்லை. சில தினங்களின் பின் ஐயம் கலிபோர்னியாவின் சில பகுதிகளுக்குள் சுருங்கியது. அதற்கிடையில், தொடர்பே இல்லாத தோட்டங்களின் கீரையும் குப்பைக்குப் போயிற்று.

நமக்கும் இதை ஒத்த அனுபவம் உண்டு. இலங்கையிலிருந்து மீன் இறக்குமதி செய்வதை ஐரோப்பிய ஒன்றியம் 2015 சனவரி முதல் தடைசெய்தது. ஆழ்கடலில் விதி மீறிய மீன்பிடியை இலங்கை அரசு தக்கவாறு கண்காணித்துக் கட்டுப்படுத்தவில்லை என்பது அவர்கள் கூறிய காரணம். 2016 யூனிலேதான் தடை நீங்கிற்று. படகுகளின் போக்குவரத்தைப் பதிந்து காட்ட முடியாத குறை, விதி மீறாத மீனவனின் விலையையும் தாக்கியது. அங்கே வேண்டியிருந்த கருவி வேறு. ஆனால் நியாயம் ஒன்றே. எங்கிருந்து வந்தது என்று நிறுவ இயலாத பொருள், நல்ல பொருளாயினும் ஐயத்துக்குரிய பொருளாகிவிடும். ஐரோப்பாவில் 2005 முதல், உணவுப் பொருள் யாரிடமிருந்து வந்தது, யாரிடம் சென்றது என்று காட்டுவது சட்டக் கடமை. இவ்வழக்கம் இனி விரியுமேயன்றிச் சுருங்காது.

நமது பெட்டியும் நமது சந்தையும்

இனி வீட்டுக்கு வருவோம். இந்நாட்டில் அறுவடைக்குப் பின் அழியும் காய்கறியும் பழமும் நூற்றுக்கு 30 முதல் 40 வரை என்று ஆய்வாளர் பல காலமாகக் கணித்து வருகின்றனர். சாக்கிலே திணித்து, லொறியிலே மேன்மேல் அடுக்கி, அதன்மேல் ஆளும் ஏறி உட்கார்ந்து கொண்டுசெல்லும் தக்காளி எந்நிலையில் சந்தை சேரும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இதைத் திருத்துவதற்காக 2011 டிசம்பரில் அரசு, காய்கறிகளைப் பிளாஸ்ரிக் பெட்டியிலேயே கொண்டுசெல்ல வேண்டும் என்று விதித்தது. தம்புள்ளை முதலிய இடங்களில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. விதியைத் தளர்த்த நேர்ந்தது. பெட்டி கெட்டதன்று. பெட்டியை யார் காசில் வாங்குவது, லொறியிற் கொள்ளளவு குறைவதால் வரும் நட்டம் யாருடையது, வெறும் பெட்டி உரியவனிடம் திரும்பி வருவதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு விடை சொல்லாமல் விதி முந்திக்கொண்டது. திரும்பிவராத பெட்டி, கமக்காரனுக்குத் தண்டமேயாகும்.

வானொலிச் சீட்டு நமக்கு உண்மையாகப் பயன்படக்கூடிய முதல் இடம் இதுவே என்பது நமது கருத்து. கத்தரிக்காய்க்கும் வாழைக்குலைக்கும் சீட்டு ஒட்டுவது பேதைமை; அவை நீர் நிறைந்தவை, மலிந்தவை, ஓரிரு நாளில் உண்ணப்படுபவை. ஆனால் பெட்டி பல முறை போய் வருவது. பிரித்தானியாவின் மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் நிறுவனம் இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, திரும்பிவரும் தனது உணவுத் தட்டங்கள் பல இலட்சத்துக்கு இவ்வகைச் சீட்டு இட்டது. கணக்கை நோக்குங்கள். ஒரு சீட்டின் விலை 40 ரூபா என்றும், அப்பெட்டி 100 முறை சந்தைக்குப் போய் வரும் என்றும் கொள்வோமாயின், ஒரு பயணத்துக்கு விழும் சீட்டுச் செலவு 40 சதம். ஒரு பெட்டி தொலைந்தால் வரும் நட்டத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வாசிக்கும் கருவியின் விலையே பெரிது. அதனை ஒருவர் தனியே வாங்க இயலாது. ஒரு சங்கம் வாங்கலாம்.

சீட்டு செய்யாதவற்றையும் மறைக்காமல் கூறவேண்டும். அது அழுகும் காயைக் காக்காது. வீதியைத் திருத்தாது. நிழலில்லாத சந்தைக்குக் கூரை போடாது. பொய்ப் பதிவு செய்பவனை யோக்கியனாக்காது. பிழையாக எழுதிய கணக்கைச் சீட்டு விரைவாகப் பரப்பும், அவ்வளவே. ஏற்றும்போது எழுத்திலே பதியும் பழக்கம் இல்லாத இடத்தில் வானொலி வந்தும் பயனில்லை. ஆகவே முதற்படி, பெட்டிக்கு இலக்கமிட்டு, ஏற்றிய நாள், நிறை, வாங்கியவர், பெற்ற விலை என்பவற்றைச் சாதாரண ஏட்டில் எழுதுவது. அப்பழக்கம் ஊன்றிய பின் சீட்டு வரட்டும்.

நாம் கேட்க வேண்டியவை

பெரிய கடைகளும் ஏற்றுமதியாளரும் இன்றோ நாளையோ "சீட்டு ஒட்டித் தா" என்று நம் வாயிலிலும் வந்து நிற்பர். அப்பொழுது நாம் வெறுங்கையுடன் நிற்கலாகாது. நான்கு நிபந்தனைகளை இன்றே வகுத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, செலவில் பங்கு. கணக்கினால் பயன் பெறுபவர் கணக்கின் செலவிலும் பங்கு கொள்ளட்டும்.

இரண்டாவது, கணக்கைப் பார்க்கும் உரிமை. தன் பெட்டி எப்போது சந்தை சேர்ந்தது, எத்தனை நாள் களஞ்சியத்தில் கிடந்தது என்று அறிய, விளைவித்தவனுக்கு உரிமை வேண்டும். "உன் சரக்குப் பழுதாகி வந்தது" என்று விலையைக் குறைக்கும்போது, பழுதானது யாருடைய கையில் என்று கேட்க அக்கணக்கே சாட்சி.

மூன்றாவது, பொதுவான இலக்க முறை. சர்வதேச ஒழுங்குக்கு அமைந்த இலக்கம் யாருக்கும் வாசிக்கக் கூடியது. ஒரு வணிகனுக்கு மாத்திரம் விளங்கும் இலக்கம், நம்மை அவனுடைய வாயிலிலேயே கட்டிவிடும் கயிறு.

நான்காவது, எல்லை. பொருளைத் தொடரும் கருவி மனிதரைத் தொடரும் கருவியாதல் கூடாது. 2003 இல் ஆடைகளில் சீட்டு வரப்போகின்றது என்ற செய்தி பரவியபோது, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். அதன் பின் வகுக்கப்பட்ட சர்வதேச ஒழுங்கிலே, விற்றபின் சீட்டை என்றென்றைக்கும் ஊமையாக்கும் கட்டளையும் சேர்க்கப்பட்டது. எதிர்த்துப் பேசியதனால் வந்த நன்மை அது. பெட்டி எண்ணும் தொழிலாளர் பிழைப்பு என்னாகும் என்பதையும் அவ்வாறே கேட்டாக வேண்டும்.

கற்றவர் கடமை

இந்நான்கும் தனி ஒருவர் கேட்டுப் பெறக்கூடியவையல்ல. யாழ்ப்பாணத்துப் புகையிலைக் கமக்காரர் 1930 களிலேயே கூட்டுறவுச் சங்கம் அமைத்து, திருவிதாங்கூர்ச் சந்தைக்குத் தாமே சரக்கு விற்கும் வழி கண்டனர். கணினியும் இல்லை, சில்லும் இல்லை; ஒற்றுமையும் ஒழுங்கான கணக்கும் இருந்தன. அவ்விரண்டும் இன்றும் கைவிடத் தக்கவையல்ல.

இச்சபையிலே பொறியியலாளர் இருக்கின்றீர்கள், கணக்காளர் இருக்கின்றீர்கள், சட்டத்தரணிகள் இருக்கின்றீர்கள். உங்களுள் பெரும்பாலோர் கமக்காரரின் வியர்வையிலே கல்வி கற்றவர்கள். ஒரு சங்கத்தைத் தேர்ந்து, ஐந்நூறு பெட்டிகளுடன், ஒரு போகத்துக்கு இம்முறையைச் சோதித்துப் பார்க்க உங்களால் இயலும். பொறியியலாளர் கருவியைப் பார்க்கட்டும். கணக்காளர் இலாப நட்டத்தைப் பார்க்கட்டும். சட்டத்தரணிகள் வாங்குவோருடன் செய்யும் ஒப்பந்தத்திலே கணக்கின் உரிமை யாருக்கு என்ற வரியை எழுதட்டும். பலன் இல்லையெனில் இல்லையென்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அதுவும் ஊருக்குச் செய்யும் உபகாரமே.

கமக்காரப் பெருமக்களே! நீங்கள் வரும் போகத்திலேயே ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு தொடங்கலாம். உங்கள் பெட்டிக்கு இலக்கமிடுங்கள். அது எங்கே போயிற்று, எப்போது திரும்பிற்று, என்ன விலை தந்தது என்று எழுதுங்கள். பத்துப் பேர் எழுதிய கொப்பிகளைச் சங்கத்திலே ஒன்றாக வைத்துப் பாருங்கள். எந்தச் சந்தை எந்த நாளில் உங்களை வஞ்சித்தது, எந்தச் சந்தை நியாயம் செய்தது என்பது அப்பக்கங்களிலே தானே தெரியவரும். சீட்டு வரும் நாளில், கணக்கு ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும்.